இடது கண்ணாடி

தென்காசியில் பொதிகை விரைவு ரயில் அதிக நேரம் நிற்பதில்லை. அதற்குள் ஒரு கணினிப் பெட்டியை உள்ளே ஏற்றியாக வேண்டும். பழைய ஜமுக்காளத்தில் சுற்றி, நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, தூக்க வாகாக மேலே ஒரு முடிச்சும் போட்டிருந்தோம். மருமகன் முதலில் ஏறிக்கொண்டான். நான் கீழிருந்து கொடுத்தேன். இருக்கைக்கு அடியில் தள்ளிவிடலாம் என்றேன். அவன் ஒப்பவில்லை.

“வேண்டாம் மாமா. யாராவது கால வச்சி மிதிச்சிட்டா?”

மடியிலேயே வைத்துக்கொண்டான். கடையநல்லூர் தாண்டும்வரை கயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.

அவன் என் தங்கை மகன். பதினொன்றாம் வகுப்பு. 2025 டிசம்பரில், அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் கிளம்பினோம். சென்னையில் எங்களுக்கு ஒரே வேலைதான். ரிச்சி தெருவில் அந்தப் பெட்டிக்குப் பொருத்தமான கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கி, அங்கேயே மாட்டி, ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு இரவு வண்டியில் திரும்ப வேண்டும். வீட்டிலிருந்தே இணையத்தில் வாங்கியிருக்கலாம்தான். ஆனால் பழைய கணினிக்குப் புது உறுப்பை அப்படி வாங்குவது, ஆளைக் கூட்டிப் போகாமல் சட்டை தைக்கக் கொடுப்பது மாதிரி.

2019-ல் என் டி.டி.பி. கடைக்காக வாங்கிய கணினி அது. வாங்கும்போதே பழசு. எங்கோ ஒரு பெரிய அலுவலகத்தில் ஐந்தாறு வருடம் கணக்குப் பார்த்துவிட்டு, மொத்தமாகக் கழிக்கப்பட்ட பெட்டிகளில் ஒன்று. இன்டெல் நான்காம் தலைமுறை ஐ5 செயலி, ஒரே துண்டாக 8 ஜிபி ரேம், மேசையில் படுக்கவைக்கிற ஒல்லியான உடம்பு. எத்தனையோ கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி அதில் செய்திருக்கிறேன். முகூர்த்த மாதத்தில் இரவு இரண்டு மணிவரை ஓடும். ஒரு நாளும் என்னைக் கைவிட்டதில்லை. கடைக்குப் புதிது வந்தபோது இதை எடைக்குப் போட மனம் வரவில்லை. தங்கை வீட்டுக்குக் கொடுத்தேன்.

அங்கேதான் லாரி வந்து சேர்ந்தது.

தங்கை கணவர் லாரி ஓட்டுநர். பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றி, புளியரை எஸ் வளைவில் மலையேறி, ஆரியங்காவு வழியாகக் கேரளத்தில் இறங்குவார். மகனுக்கும் வண்டிதான் உயிர். கைபேசியில் இந்தோனேசியப் பேருந்து விளையாட்டுக்கு நம்மூர் அரசுப் பேருந்தின் வண்ணத்தை ஏற்றி ஓட்டுகிற ஆயிரக்கணக்கான பிள்ளைகளில் அவனும் ஒருவன். கணினி வந்ததும் யூரோ டிரக் சிமுலேட்டர் 2 கேட்டான். செக் நாட்டின் பிராக் நகரத்து எஸ்சிஎஸ் சாப்ட்வேர் 2012-ல் வெளியிட்ட விளையாட்டு. அதில் சுடுவது இல்லை, வெட்டுவது இல்லை. சரக்கை ஏற்ற வேண்டும், சாலை விதியை மதிக்க வேண்டும், தூக்கம் வந்தால் ஓரங்கட்டித் தூங்க வேண்டும், சேதாரமில்லாமல் இறக்க வேண்டும். ஐரோப்பாவை 1:19 என்ற அளவுக்குச் சுருக்கி வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த விளையாட்டின் மேல் நிஜமான மரியாதை உண்டு. ஓர் உழைப்பைப் பிள்ளைகள் ஆசையாய்ச் செய்து பார்க்கும்படி ஆக்கியிருக்கிறார்கள்.

பழைய கணினியில் அது ஓடவில்லை, ஊர்ந்தது. நகரத்துக்குள் நுழைந்தாலோ மழை பிடித்தாலோ நொடிக்குப் பதினைந்து படம்கூடத் தேறாது. மருமகன் ஒவ்வொன்றாகக் குறைத்தான். நிழல் போயிற்று, தூரத்து மரங்கள் போயின. கடைசியில் பக்கவாட்டுக் கண்ணாடிகளில் தெரிகிற தூரத்தையும் தெளிவையும் அடிமட்டத்துக்கு இறக்கினான். பிறகுதான் வண்டி ஓரளவு நகர்ந்தது.

அன்று லோடு இறக்கிவிட்டு வந்திருந்த அவன் அப்பா, டீ டம்ளரோடு பின்னால் நின்று பார்த்திருக்கிறார்.

“ஏலே, இடது கண்ணாடில ஒண்ணுமே தெரியலியே. மேகமூட்டமாட்டு இருக்கு.”

“அத ஏத்துனா ஓடாதுப்பா.”

“கண்ணாடி தெரியாம வண்டி எடுக்கப்படாதுலே. பின்னால வாறவன் என்ன ஆவான்?”

சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போய்விட்டார். பையன் விளையாட்டை நிறுத்தினான். அதற்குப் பிறகு தொடவில்லை. பத்து நாள் கழித்து ஒரு நோட்டோடு என் கடைக்கு வந்தான்.

அந்த நோட்டு இப்போது ரயிலில் என் கையில் இருந்தது. முதல் பக்கத்தில் 75 என்ற எண்ணைப் பெரிதாக எழுதி வட்டம் போட்டிருந்தான். தாய்ப்பலகையில் கிராபிக்ஸ் கார்டைச் செருகுகிற நீண்ட பள்ளம் அதிகபட்சம் 75 வாட் மின்சாரம் தரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் எஸ்எம்பிஎஸ் என்கிற மின்வழங்கியிலிருந்து தனி வயர் வர வேண்டும். ஆறு முனை வயர் இன்னொரு 75, எட்டு முனை வயர் 150. எங்கள் பெட்டியில் இரண்டுமே கிடையாது; அலுவலகக் கணினிக்கு அது தேவைப்படவும் இல்லை. அடுத்த பக்கத்தில் ஸ்கேல் வைத்து அளந்த அளவுகள். பெட்டி ஒல்லி என்பதால் அட்டை பாதி உயரம்தான் இருக்கலாம். கடையில் ‘லோ புரொபைல்’ என்று கேட்க வேண்டும். பக்கத்துப் பள்ளம் காலி, ஆகவே இரண்டு பள்ளத்துத் தடிமன் தாங்கும். எஸ்எம்பிஎஸ் 240 வாட். மானிட்டரில் இருப்பது பழைய விஜிஏ மட்டும்.

வண்டி சங்கரன்கோவிலைத் தாண்டியிருந்தது. எதிர் இருக்கையில் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பொட்டலத்தில் டிவியா என்று கேட்டவர், கணினி என்றதும் விவரம் கேட்டார். பையன் நோட்டைக் காட்டினான்.

“240 வாட்டா? நாலு குண்டு பல்பு எரியும். அறுவது வாட் பல்பு. மொத்த வீடும் அதுலதான் நடக்கணும். இதுல உன் விளையாட்டுக்கு எத்தன பல்பு குடுப்ப?”

“ஒண்ணே கால் தாத்தா.”

“செயலிக்கு?”

“84 வாட்.”

அவர் விரல் விட்டுக் கூட்டினார். 84-ம் 75-ம் 159. மற்றவற்றுக்கு நாற்பது. “இருநூறு. பாக்கி நாப்பது இருக்கு. பரவாயில்ல, லைன் தாங்கும்” என்றார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கி எங்களுக்கும் தந்தார். கிராபிக்ஸ் கார்டு பற்றி நான் கேட்ட விளக்கங்களில் இவ்வளவு தெளிவானது வேறில்லை.

மேல் படுக்கையில் படுத்து, அந்தக் கண்ணாடியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். நிஜ லாரியின் கண்ணாடிக்குச் செலவு எதுவும் இல்லை. வெளிச்சம் தானாக வந்து விழுகிறது, திரும்புகிறது. கணினிக்குள் அப்படி எதுவும் தானாக நடக்காது. முன்னால் தெரிகிற சாலையை ஒருமுறை வரைய வேண்டும். இடது கண்ணாடிக்காகப் பின்பக்கத்து உலகத்தை இன்னொருமுறை வரைய வேண்டும். வலதுக்கு இன்னொருமுறை. திரையில் 1920 புள்ளி அகலம், 1080 புள்ளி உயரம். மொத்தம் 20,73,600 புள்ளிகள். கண்ணுக்கு உறுத்தாமல் ஓட நொடிக்கு அறுபது முறை இது நடக்க வேண்டும். பன்னிரண்டு கோடியே நாற்பத்து நாலு லட்சம் புள்ளிகள், ஒரு நொடியில். எங்கள் கணினியில் படம் வரைகிற உறுப்பு செயலிக்குள்ளேயே ஒரு மூலையில் இருக்கிறது. அதற்கென்று தனி நினைவகம் இல்லை. இருக்கிற ஒற்றை ரேமைச் செயலியோடு பங்கு போட்டுக்கொள்கிறது. அந்த ரேம் நொடிக்கு 12.8 ஜிகாபைட்தான் கொண்டு வந்து கொட்டும். பின்பக்கத்து உலகத்துக்கு அதில் எங்கே மிஞ்சும்?

எழும்பூரில் இறங்கியபோது மார்கழிக் குளிர் லேசாக இருந்தது. முகம் கழுவி, காபி குடித்து, மெட்ரோவுக்குப் போனோம். பாதுகாப்புச் சோதனையில் பொட்டலம் எக்ஸ்ரே பெட்டிக்குள் போனதும் திரையில் எங்கள் கணினி எலும்புக்கூடாகத் தெரிந்தது. மின்விசிறி, வட்டத் தட்டு, வயர் கொத்து. அந்த நீண்ட பள்ளம் மட்டும் காலியாகக் கிடந்தது. பையன் அதையே பார்த்தான். “என்ன தம்பி இது?” என்று கேட்ட காவலர் அம்மா, “சிபியு. ரிச்சி ஸ்ட்ரீட் போறோம்” என்றதும் தலையசைத்து அனுப்பிவிட்டார். சென்னையில் வேறு விளக்கம் தேவைப்படவில்லை. சென்ட்ரலில் மாறி, அடுத்த நிறுத்தமான அரசினர் தோட்டத்தில் இறங்கினோம்.

கடைகள் திறக்கப் பத்து, பத்தரை ஆகும். ஒரு டீக்கடைக்காரரிடம் பெட்டியை ஒப்படைத்துவிட்டுச் சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் நடந்தோம். இந்தப் பேட்டை 1734-ல் உருவானது. மெட்ராஸ் ஆளுநராக இருந்த ஜார்ஜ் மார்ட்டன் பிட், கும்பினிக்குத் துணி நெய்ய நெசவாளர்களைக் குடியேற்றிய இடம். சின்னத் தறிப் பேட்டைதான் வாயில் உருண்டு சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று. தறி ஓசை போய் எத்தனையோ காலம் ஆயிற்று. இப்போது அதன் விளிம்பில் நரசிங்கபுரம் தெரு என்று பலகையிலும் ரிச்சி தெரு என்று ஊர் வாயிலும் வழங்குகிற சந்து, மின்னணுச் சந்தையாக நிற்கிறது. ஒரு காலத்தில் ரேடியோ உதிரிகள், பிறகு டேப், டிவி, பிறகு கணினி, இன்று எல்லாமும்.

பத்தரைக்குள் தெரு நிரம்பிவிட்டது. வாலர்ஸ் சாலை முனையிலேயே அழைப்பு ஆரம்பமாகிவிடும். “வாங்க சார், லேப்டாப்பா, சிசிடிவியா, என்ன பாக்குறீங்க?” தள்ளுவண்டியில் குவியலாய் சார்ஜர். நடைபாதையில் ரிமோட் கண்ட்ரோல்கள், மிளகாய் வத்தல் காயப்போட்டது போல. ஈயம் உருகுகிற வாசனை ஏதோ ஒரு மாடியிலிருந்து இறங்கி வந்துகொண்டே இருந்தது. நகரத்தின் எத்தனையோ கடைத்தெருக்களைப் பார்த்திருக்கிறேன். உடைந்த பொருளோடு வருகிறவனுக்கு இவ்வளவு மதிப்புக் கொடுக்கும் தெரு வேறெங்கும் நான் கண்டதில்லை. கையில் பழைய பெட்டியோடு நின்ற எங்களை யாரும் ஏற இறங்கப் பார்க்கவில்லை.

முதலில் நுழைந்த கடையில் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி, 3,500 ரூபாய் என்று ஒன்றை எடுத்து வைத்தார்கள். சல்லிசான விலை. அதோடு பின்பக்கத்தில் எங்கள் மானிட்டருக்குத் தேவையான நீல நிற விஜிஏ துளையும் இருந்தது. நான் பையில் கைவிட்டேன். மருமகன் என் முழங்கையைத் தொட்டான்.

“மாமா, நிஜ 1050 டிஐ-ல விஜிஏ இருக்காது.”

2016-ல் வந்த அந்தச் சில்லில் விஜிஏவுக்கான பழைய அனலாக் வெளியீடே கிடையாது. எங்களை இழுத்த அந்தத் துளைதான் பொய்யைக் காட்டிக்கொடுத்தது. அவன் கடைக்காரரிடம் பணிவாக, “அண்ணே, ஒரு தடவ போட்டுக் காட்டுறீங்களா?” என்று கேட்டு, தன் பென்டிரைவிலிருந்து ஜிபியு-இசட் என்ற மென்பொருளை ஓட்டினான். அட்டையின் பெயருக்கு முன்னால் போலி என்ற எச்சரிக்கை வந்தது. உள்ளே இருந்தது 2011-ஆம் ஆண்டின் ஜிடிஎக்ஸ் 550 டிஐ வகைச் சில்லு. அதில் 192 கணிப்பு உட்கருக்கள். நிஜ 1050 டிஐ-ல் 768. சில்லின் உள் நிரலை மாற்றி எழுதி, கணினியிடமே பெயரை மாற்றிச் சொல்லவைக்கிற வேலை இது. பல வருடங்களாகப் பல நாடுகளில் நடக்கிறது. கடைக்காரர் முகம் சுண்டிவிட்டது. “எனக்கே லாட்டா வந்தது தம்பி, இப்படித்தான்னு தெரியாது” என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். நாங்கள் வெளியே வந்தோம்.

அதற்குப் பிறகுதான் அந்த மூன்றாவது மாடிக்குப் போனோம். ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய படிக்கட்டு. எதிரே ஆள் வந்தால் பெட்டியோடு பின்வாங்க வேண்டும். பத்துக்குப் பத்து அறை. சுவர் முழுக்கத் தாய்ப்பலகைகள், ஒவ்வொன்றிலும் காகித நாடாவில் கோளாறின் பெயர். மெக்கானிக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி, உருப்பெருக்கி. இருபது வருடத்துக்கு மேல் இதே தெருவில் இருப்பதாகச் சொன்னார். கார்டு வேண்டும் என்றதும் கார்டைக் காட்டவில்லை. “பெட்டிய அவுருங்க” என்றார்.

மூடியைத் திறந்து, முதலில் எஸ்எம்பிஎஸ்ஸில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்தார். பள்ளத்தில் விரலை ஓட்டினார். தூசியை ஊதினார். செயலியின் தலையில் இருந்த விசிறியைக் கழற்றி, காய்ந்து சுண்ணாம்பாகிப் போயிருந்த பசையைத் துடைத்துப் புதிதாகத் தடவினார். இதற்கெல்லாம் நாங்கள் கேட்கவில்லை. “நல்ல வண்டி சார். கம்பெனி வண்டி. போர்டு கெட்டி” என்றார். எனக்கு அந்தச் சொல் கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

பையனின் கண் மட்டும் அலமாரியில் இரண்டு விசிறியோடு அகலமாய் உட்கார்ந்திருந்த ஆர்எக்ஸ் 580 மேல் இருந்தது. 8 ஜிபி. விலையும் குறைவு. குறைவாக இருக்கக் காரணம் உண்டு. 2020, 2021-ல் எத்தீரியம் நாணயம் தோண்ட உலகம் முழுக்க கார்டுகளை வாங்கி, கொட்டகை கொட்டகையாக அடுக்கி, இரவு பகல் ஓட்டினார்கள். விளையாடுகிற பிள்ளைகளுக்குக் கார்டே கிடைக்காத காலம் அது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் தன் முறையையே மாற்றியது; தோண்டுகிற வேலை ஒரே நாளில் இல்லாமல் போனது. அந்தக் கார்டுகள் மூட்டையாகச் சந்தைக்கு வந்தன.

“அண்ணே, இது மாட்ட முடியாதா?”

“எத்தன வாட் தெரியுமா?”

“185.”

“எட்டு பின் வேணும். உன் எஸ்எம்பிஎஸ்ல எங்க இருக்கு? கன்வர்ட்டர் போட்டு ஓட்டுறாங்க, நான் பாத்திருக்கேன். அந்த வயர் உருகி வந்த போர்டுதான் அதோ.” சுவரில் ஒன்றைக் காட்டினார். ஓரம் கருகியிருந்தது. “நான் விக்க மாட்டேன் தம்பி. காசு எனக்கு வரும். பெட்டி உனக்குப் போயிடும்.”

பையன் அதற்கு மேல் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அப்புறம் அவர் உள்ளறையிலிருந்து மூன்று அட்டைகளைக் கொண்டு வந்தார். மூன்றுக்கும் தனி வயர் வேண்டாம். நிஜமான 1050 டிஐ ஒன்று. இதைத் தானே தள்ளி வைத்தார். அந்தத் தலைமுறைக்குப் புது விளையாட்டுகளுக்கேற்ற டிரைவர் வெளியிடுவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வரும். இரண்டாவது ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400. 2022-ல் வந்தது, 53 வாட்தான், ஒற்றைப் பள்ளத் தடிமன். பார்த்தால் எங்களுக்கென்றே செய்தது போல இருந்தது. ஆனால் அது தாய்ப்பலகையோடு நான்கு தடத்தில் மட்டும் பேசும். புதிய பலகைகளில் ஒவ்வொரு தடமும் அகலம், நான்கே போதும். எங்கள் பலகை பழைய மூன்றாம் தலைமுறை. பதினாறு தடம் இருந்தும் அதில் நான்கைத்தான் இந்த அட்டை தொடும், அதுவும் பாதி வேகத்தில். “நாலு வழிச் சாலைய விட்டுட்டு ஒத்தையடிப் பாதைல லோடு ஏத்துற கத” என்றார்.

மூன்றாவது ஜிடிஎக்ஸ் 1650. 2019 ஏப்ரலில் வந்தது. 75 வாட். நோட்டில் வட்டம் போட்டிருந்த அதே எண். பாதி உயரம், இரண்டு பள்ளத் தடிமன், தனக்கென்று 4 ஜிபி நினைவகம். பழசுதான், 7,500 ரூபாய். விஜிஏ மானிட்டருக்கு ஒரு மாற்றி தனியாக. கூடவே இன்னொரு 8 ஜிபி ரேமும் போடச் சொன்னார். புது வகை ரேம் விலை எகிறிக்கொண்டிருந்த மாதம் அது. எங்களுடைய டிடிஆர்3 யாருக்கும் வேண்டாத பழசு என்பதால் சில நூறு ரூபாயில் முடிந்தது. பழசாக இருப்பதில் இப்படியும் ஒரு லாபம்.

மாட்டினார். பொத்தானை அழுத்தினார். விசிறி சுழன்றது. மானிட்டர் கறுப்பாகவே இருந்தது.

மாற்றியை மாற்றிப் பார்த்தார். தன் மானிட்டரை எச்டிஎம்ஐயில் இணைத்துப் பார்த்தார். கறுப்புதான். பையன் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். எனக்கு உள்ளங்கை வியர்த்தது. கார்டைக் கழற்றினால் பழையபடி படம் வருகிறது, மாட்டினால் இல்லை. மெக்கானிக் மட்டும் பதறவில்லை. பயாஸ் பக்கத்தைத் திறந்து தேதியைக் காட்டினார்: 2013. கணினி பிறந்த நாளில் எழுதிய நிரலை அதற்குப் பிறகு யாரும் தொடவே இல்லை. ஆறு வருடம் கழித்துப் பிறக்கப்போகிற அட்டையை அது எப்படி அடையாளம் காணும்? புதிய பதிப்பைப் பென்டிரைவில் இறக்கி, யுபிஎஸ்ஸில் இணைத்து, எழுத ஆரம்பித்தார். “இப்ப யாரும் எதையும் தொடாதீங்க. நடுவுல கரண்ட் போச்சுன்னா போர்டு செத்துரும்.” திரையில் ஒரு கோடு மெதுவாக நீண்டது. இரண்டு நிமிடம் இருக்கும். கீழே தெருவில் ஹாரன் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மருமகன் என் கையைப் பிடித்திருந்ததைக் கோடு முடிந்த பிறகுதான் கவனித்தேன். மீசை முளைத்த பிறகு அவன் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

மறுபடி மாட்டினார். திரை வெளுத்தது.

ஜிபியு-இசட்டை ஓட்டினோம். எச்சரிக்கை எதுவும் இல்லை. உட்கருக்கள் 896. நினைவகத்தின் வேகம் நொடிக்கு 128 ஜிகாபைட். பழைய ஒற்றை ரேமைப் போலச் சரியாகப் பத்து மடங்கு. செயலியில் இருப்பது நான்கே உட்கரு, ஆனால் நான்கும் எந்த வேலையும் தெரிந்த ஆட்கள். அட்டையில் இருக்கிற 896-ம் ஒரே மாதிரி சின்ன வேலையைச் சேர்ந்து செய்கிறவை. என்விடியாவின் சில்லுகளில் முப்பத்திரண்டு இழைகள் ஒரு கட்டாகச் சேர்ந்து ஒரே கட்டளைக்கு ஒன்றாக அசைகின்றன. அந்தக் கட்டுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் நெசவிலிருந்து எடுத்தது: பாவு. தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல்தான் அது. ஒரே நேரத்தில் பல இழைகளை ஒன்றாக இயக்கிய முதல் தொழில்நுட்பம் நெசவு என்று அந்த நிறுவனத்தின் கையேடே சொல்கிறது. காலையில் நாங்கள் நடந்த தறிப் பேட்டை ஜன்னலுக்கு வெளியேதான் இருந்தது. சங்கரன்கோவில் பக்கத்து விசைத்தறிகளைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் இந்தச் செய்தி எனக்கு உடம்பில் ஏறியது. பையனிடம் சொன்னேன். “அப்போ இதுவும் தறிதானா மாமா?” என்று அட்டையின் விசிறியைக் குனிந்து பார்த்தான்.

இருபது நிமிடம் விளையாட்டை ஓட்டிச் சோதித்தோம். 71 டிகிரியில் சூடு நின்றது. படம் அறுபதை விட்டு இறங்கவில்லை. மெக்கானிக் தன் வேலைக்கு 300 ரூபாய் மட்டும் கேட்டார். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட்டின் இலவசத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றதையும், நான்காம் தலைமுறைச் செயலியை 11 ஏற்றுக்கொள்ளாது என்பதையும் சொல்லி எச்சரித்தார். பையனிடம் அதற்கும் பதில் இருந்தது: லினக்ஸ். யூரோ டிரக்குக்கு அதில் நேரடிப் பதிப்பே உண்டு. “அப்ப சரி. இன்னும் அஞ்சு வருசம் ஓட்டு” என்று மூடியைத் திருகினார்.

கீழே இறங்கி ஒரு கேம்பேட் வாங்கினோம். பரோட்டா சாப்பிட்டோம். இரவுப் பொதிகையில் பெட்டியைப் படுக்கையில் தலைமாட்டில் வைத்துக்கொண்டு அவன் தூங்கிவிட்டான். நானும்தான். திரும்புகிற பயணத்தில் சொல்ல வேறொன்றும் இல்லை.

மூன்றாம் நாள் மாலை அவன் அப்பா கொல்லத்திலிருந்து வந்தார். பையன் எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தான். ஐரோப்பாவில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், அப்பாவுக்குப் பழக்கமிருக்காது என்று, இடப்பக்கம் ஓட்டுகிற பிரிட்டனைத் தேர்ந்தெடுத்திருந்தான். வலது பக்கம் ஸ்டியரிங் உள்ள டிரக். கார்லைலில் ஏற்றி கிளாஸ்கோவில் இறக்க வேண்டும். மழை பெய்துகொண்டிருந்தது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் கேம்பேடைத் தொடவில்லை. திரையைப் பார்த்தார். சாலையை அல்ல, இடது மூலையை. கண்ணாடியில் ஈரச் சாலை தெரிந்தது, சாலையில் விளக்குகளின் சிவப்பு தெரிந்தது, தன் டிரெய்லரின் கடைசிச் சக்கரம் தெரிந்தது.

“கொஞ்சம் கீழ இறக்குலே. பின் டயரு முழுசாத் தெரியணும்.”

பையன் எங்கேயோ ஒரு பக்கத்தைத் திறந்து கண்ணாடியைச் சாய்த்தான். “போதுமாப்பா?”

“இன்னும் சித்த.”

பிறகு மெதுவாக வண்டியை எடுத்தார். முதல் ரவுண்டானாவில் அகலமாக வாங்கித் திரும்பினார். டிரெய்லர் உள்ளே வெட்டுகிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே. தங்கை டீ கொண்டு வந்து வைத்தாள். அதை அவர் எடுக்கவில்லை. நெடுஞ்சாலை ஏறி ஒரு மைல் போயிருப்பார். வலது கண்ணாடியில் இரண்டு வெளிச்சப் புள்ளிகள் தோன்றி, மழைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகின.

“பின்னால ஒருத்தன் அவசரமா வாறான்” என்றார் என் மைத்துனர். “வழி விட்டுருவோம்.” இண்டிகேட்டரைப் போட்டு, இடது கண்ணாடியை ஒருமுறை பார்த்துவிட்டு, வண்டியை ஓரத்துத் தடத்துக்கு ஒதுக்கினார்.